பாட்டுக்கு அடியில் அப்பா

ஜூலை 14, திங்கள்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, காற்றுக்கு அவசரம். மொட்டை மாடியில் காயப்போட்ட அம்மாவின் புடவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல். எடுக்கப் போனால் அந்த வீட்டு நாய்க்கு நான் திருடி.

செய்ய வேண்டியவை: கேஸ் பதிவு. அம்மாவுக்குச் சுகர் மாத்திரை. மாதா கோயில் பங்கு ஆபீசில் அப்பாவின் முதல் வருட நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுப்பது, ஞாயிறு 27, காலை முதல் பூசை. தம்பி அருளுக்குப் போன். ஓசூரிலிருந்து ஒரு நாள் முன்னமே வரச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அன்றைக்காவது வந்து சேருவான்.

இதெல்லாம் எழுதவா டைரியை எடுத்தேன்? இல்லை. காலையில் குளிக்கும்போது ஒன்று நடந்தது. அப்பா தபால் கொடுக்க வாசலில் நின்று கூப்பிடுவாரே, அதைச் சும்மா மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'ஏனுங்க, தபாலுங்க.' வார்த்தை வருகிறது. சத்தம் வரவில்லை. முகம் வருகிறது, மீசை வருகிறது, காக்கிச் சட்டையின் தோளில் பை வார் உரசி வெளுத்த கோடுகூட வருகிறது. குரல் மட்டும் இல்லை. சோப்பு நுரையோடு நின்று திரும்பத் திரும்ப முயன்றேன். என் குரலில்தான் கேட்கிறது.

இன்னும் ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள்ளா? பயமாக இருக்கிறது. ஆள் போனது ஒரு தடவை. இது இன்னொரு தடவை போகிற மாதிரி.

ஆபீசிலும் இதே நினைப்பு. பம்ப்செட் கம்பெனி டெஸ்பாச்சில் உட்கார்ந்திருக்கிறேன், நாள் முழுக்கக் கூரியர்காரர்கள். தலை நிமிராமலே குரலை வைத்து எந்தக் கூரியர் என்று சொல்லிவிடுவேன். பெற்ற அப்பன் குரல் தெரியவில்லை. நல்ல மகள்.

கேஸ் பதிவு செய்ய மறந்தாச்சு.

ஜூலை 16, புதன்

தூறல். குடை ஆபீசிலேயே.

அப்பாவின் குரல் எங்கெல்லாம் இருக்கலாம் என்று யோசித்ததில்:

என் போன் - இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளா அவர்? போன் செய்தாலும் ராணுவ வயர்லெஸ் கணக்குத்தான். 'சேந்துட்டேன். வெச்சர்றேன்.' அத்தோடு கட்.

அம்மாவின் போன் - பட்டன் போன். அதில் டார்ச் மட்டும் நன்றாக எரியும்.

ஆல்பம் - எல்லாம் போட்டோ. ராணுவத்தில் எடுத்தது, பனியில் யாரோ நான்கு பேரோடு. சிரிக்கிறார். சிரித்து என்ன பண்ண.

அருளின் போன் - கேட்டேன். 'உனக்கு வேற வேலையில்லியாக்கா' என்றான். சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் ஒரு வீடியோ அனுப்பினான். அவன் மகளின் பிறந்தநாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள், கத்துகிறார்கள். அப்பா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டையில் ஒட்டிய கிரீமைத் துடைத்தபடி. வாயே திறக்கவில்லை. முடியப்போகும்போது ஒரு இருமல். கீழே அருள் எழுதியிருந்தான்: 'அப்பா இருமல்தானே?'

அப்பா இருமல்தான். சந்தேகமே இல்லை. சமைத்துக்கொண்டே அதையே போட்டுப் போட்டுக் கேட்டேன். ரசம் கொதித்துப் பொங்கிவிட்டது. அம்மா உள்ளேயிருந்து, 'ஆருக்குச் சளி?' என்றாள். டிவி என்று சொல்லிவிட்டேன்.

இருமல் கிடைத்தவள் பேச்சுக்கு ஆசைப்படக் கூடாதா?

எனக்கு அப்பா என்றால் முதலில் தபால்தான், மனிதர் அப்புறம். ஆறாம் வகுப்பு வரைக்கும் அப்பா என்பது நீல இன்லேண்ட் லெட்டர். வருடத்துக்கொரு முறை பச்சை டிரங்குப் பெட்டியோடு ஒருத்தர் லீவில் வருவார், நான் பழகி மடியில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். மறுபடி லெட்டர். அம்மா படித்துக் காட்டுவாள், சில வரிகளை விட்டுவிட்டுப் படிப்பாள். பிறகு ராணுவத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் துடியலூரில் தபால்காரர் வேலை. ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தார், எங்கள் வீட்டுக்குத் தபால் நின்றுபோனது. எங்களுக்கு எழுதுகிற ஒரே ஆள் அவர்தானே. வீட்டிலேயே இருக்கிறவர் யாருக்கு எழுதுவார்?

எனக்கு மட்டும் ஏன் லெட்டரே வருவதில்லை என்று நான் அழுதேனாம். அந்த வருடத்திலிருந்து பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை. அவரே வாங்கி, எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பெட்டியில் போட்டு, மறுநாள் அவரே முத்திரை குத்தி, பையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். 'ஏனுங்க, தபாலுங்க.' என்னிடம்! மற்ற நேரமெல்லாம் 'அடி ஜெசி', அன்றைக்கு மட்டும் 'ங்க'. கையை நீட்டினால் தரமாட்டார். 'பேரு சொல்லுங்க.' முழுசாகச் சொல்ல வேண்டும். ஜெசிந்தா, தகப்பனார் பெயர் சவரிமுத்து. 'அவரு ஊட்ல இருக்காருங்களா?' என்று கேட்பார். இல்லை, டியூட்டிக்குப் போயிருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. சிரித்தால் அட்டையைப் பைக்குள் திருப்பி வைத்துவிடுவார்.

நாற்பத்தேழு வயதில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 'ங்க' எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து இன்று இரண்டாம் நாள். அரை நாள் லீவு. காரணம் 'சொந்த வேலை'. பொய்யில்லை.

அப்பா தபால் கொடுத்த தெருக்களில் நடந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் ஆரம்பம். பாதி இடம் அபார்ட்மெண்ட். எந்த பிளாட்டுக்கு என்று வாட்ச்மேன் கேட்டார். எந்த பிளாட்டுக்கும் இல்லை என்றேன், சந்தேகத்தோடு பார்த்தார். எனக்கே என்மேல் சந்தேகம்தான்.

பழைய ஆட்களிடம் அப்பாவின் பெயர் சொன்னால் தெரியவில்லை. மிலிட்டரி என்று சொன்னால் போதும், நாற்காலி வந்துவிடுகிறது. டெய்லர் பழனிசாமி அண்ணன் தையலை நிறுத்திவிட்டு டீ சொன்னார். குரல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, மார்பை நிமிர்த்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டார். பக்கத்து அரிசிக் கடை சுப்பக்கா ஓடி வந்து, அப்படியெல்லாம் இல்லவே இல்லை, மிலிட்டரி மெல்லிசாகத்தான் கூப்பிடுவார், கடைசியில் கொஞ்சம் இழுப்பார் என்று தானும் ஒன்று கூப்பிட்டுக் காட்டினார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருடமாகத் தன் கடைக்குத் தபால் வந்தது, தனக்குத் தெரியாதா என்றார். அரிசிக் கடைக்கு மட்டும் வரவில்லையா என்று அந்தம்மா. நான் டீயைக் குடித்துவிட்டு, இரண்டு பேரையும் இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால் ஒருத்தர் ஏலம் போடுகிறார், இன்னொருத்தர் தாலாட்டு. இரண்டும் அப்பா இல்லை. இல்லை என்பது எனக்குத் தெரிகிறது பாருங்கள்! அப்போ உள்ளே எங்கேயோ அசல் இருக்கிறது. அதைத்தான் எடுக்க முடியவில்லை.

கடைசியாகப் போனது சரஸ்வதி அக்கா வீடு. பெரிய கேட், உள்ளே தென்னை. இப்போது தனியாக இருக்கிறார், வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆயிற்று. என் கல்யாணப் பேச்சை எடுக்காமல் விட்டதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. அவரிடமும் அப்பா குரலைக் கேட்டேன்.

'ஏனம்மிணி, எங்க பொண்ணு கவிதா கல்யாணக் கேசட்டுல உங்கப்பா வாராருங்களே' என்றார். 'பந்தல்ல வந்து நிப்பாரு. எங்கூட்டுக்காரரோட பேசுவாரு.'

பேசுவாரு. இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கேசட் எங்கே என்றேன். கேசட் பரண்மேல். ஏணி வைத்து நானே ஏறினேன். தூசி, பல்லி, பித்தளை அண்டா, அதற்குப் பின்னால் சரிகைப் பேப்பர் ஒட்டிய டப்பா. போட்டுப் பார்க்க அவரிடம் மிஷின் இல்லை. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, கேட் வரை வந்தார். அதில் அவருடைய வீட்டுக்காரரும் இருக்கிறார், முடிந்தால் தனக்கும் ஒன்று போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்கு அம்மாவோடு. பிரசங்கம் நீளம். அடுத்த ஞாயிறு பெயர் வாசிக்கும்போது 'ஓய்வுபெற்ற ஹவில்தார்' என்று சேர்க்கலாமா என்று சாமியார் கேட்டார். அம்மா, 'சவரிமுத்துன்னு படிங்க சாமி, போதும்' என்றாள்.

வரும் வழியில் ஆட்டோவில் பிடித்துக்கொண்டாள். டெய்லர் அண்ணன் யாரிடமோ சொல்லி, அது கோயில் வாசல் வரை வந்துவிட்டது. வீடு வீடாகப் போய் அப்பன் குரலை விசாரிக்கிறாயாமே, ஊர் என்ன நினைக்கும் என்றாள். அப்புறம் அவளே, 'அவரே இல்லையாம், கொரல வெச்சுட்டு என்ன பண்ணப்போற' என்றாள். எனக்கு ஆத்திரம். உனக்கு அவர் ஞாபகமே வருவதில்லையா என்று கேட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

அம்மா வீட்டுக்கு வந்து, உடுத்தியிருந்த புடவையோடே கறிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அவளைப் புரியவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அப்பாவின் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆசிரமத்துக்குக் கொடுத்து அனுப்பியவள். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அழுதும் நான் பார்க்கவில்லை. வீட்டில் அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள், அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி. அடுப்பில் ஒன்றும் இருக்காது.

கறி நன்றாக இருந்தது.

ஜூலை 23, புதன்

லீவு. மேனேஜர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

உக்கடத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிற கடை. இப்ராஹிம் பாய். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, அதனால் பாய் சும்மாதான் இருந்தார். கேசட்டைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூஞ்சை பிடித்திருக்கிறது, ஓடினால் ஓடும், இல்லையென்றால் அறுந்தாலும் அறும், பரவாயில்லையா என்றார். தலையை ஆட்டினேன்.

பஞ்சில் மருந்து தொட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். மத்தியானம் வரை அங்கேயே ஸ்டூலில். எதிரே குளத்துப் பக்கமிருந்து காற்று, கடை ஷட்டர் கடகடவென்று. பாய் சாப்பிட்டீர்களா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஓடியது.

முதலில் பிள்ளையார், அப்புறம் ஆகாயத்திலிருந்து ரோஜாப்பூ விழுகிறது, பூவுக்குள் கவிதா. இணைச்சீர்ச் சடங்கு நடக்கிறது, அதை நடத்திவைக்கிற அருமைக்காரர் மந்திரம் மாதிரி ஏதோ சொல்கிறார், ஆனால் கேட்பதெல்லாம் சினிமாப் பாட்டு. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அப்பா எப்போ வருவார், எப்போ வருவார் என்று திரையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்திக் காட்சி. வாழைமரம் கட்டிய வாசல். சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பா வருகிறார். காக்கி. நடை, ராணுவ நடை. தலைமுடி எல்லாம் கறுப்பு! என்னைவிடச் சின்னவர். கையில் ஒரு கட்டு வாழ்த்து அட்டைகள். வாசலில் நிற்கிறார். நிமிர்கிறார். வாயைத் திறக்கிறார்.

டிரம்பெட். தபேலா. ஒரு பெண் 'லாலலா' பாடுகிறாள்.

சரஸ்வதி அக்காவின் வீட்டுக்காரர் வந்து அட்டைகளை வாங்கிக்கொண்டு, அப்பாவின் பை வாரைப் பிடித்துப் பந்திப் பக்கம் இழுக்கிறார். அப்பா மார்பில் கை வைத்துத் தலையை ஆட்டி ஏதோ சொல்கிறார். சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அப்பாவும் சிரித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன இடத்தில் ஒரு இதயம் சுற்றிச் சுற்றி வந்து, அடுத்த காட்சி.

சத்தத்தைக் கூட்டுங்கள் பாய் என்றேன். கூட்டினார். பாட்டு கூடியது. கீழே பேச்சு இருக்கும், பாட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். பாய் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

'பேச்சு இல்லீங்கம்மா. அதை அழிச்சுப்போட்டுத்தான் பாட்டு ஏத்துவோம். அன்னைக்கெல்லாம் முழுக்கப் பாட்டு இல்லீன்னா கல்யாண ஊட்டுக்காரங்க கேசட்டை வாங்க மாட்டாங்க.'

அசல் கேசட் ஒன்று இருக்குமே என்றேன். டப்பாவில் ஸ்டுடியோ பெயர் இருந்தது. பாய்க்கு அவரைத் தெரிந்திருந்தது, இப்போது அவிநாசியில் டிரோன் வைத்துப் படம் எடுக்கிறாராம். போன் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். எடுத்த கேசட்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அடுத்த முகூர்த்தத்துக்கு அதிலேயே அழித்து எடுப்போம், அப்பா குரல்மேல் யார் கல்யாணம் ஏறியிருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர். பாட்டு ஏற்றியதே அவர்தான்.

பஸ்ஸில் அழுதேன். வாய்விட்டே. பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 25, வெள்ளி

காற்று நிற்கவில்லை. ஆபீசில் கரண்ட் போய்ப் போய் வந்தது.

அப்பா வருகிற துண்டை மட்டும் பாய் தனியாக வெட்டிப் போனுக்கு அனுப்பியிருந்தார். கையில் வேலை இல்லாதபோதெல்லாம் அதுதான். பாட்டு காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. டெஸ்பாச்சில் எல்லோருக்கும் மனப்பாடம், யாரோ முணுமுணுக்கிறார்கள், ஒரு கூரியர்காரர் விசிலடிக்கிறார். எழுந்து போய் அறையலாம் போல இருந்தது. அவருக்கென்ன தெரியும்.

வாசலில் நின்று வாய் திறக்கிறாரே, அது 'ஏனுங்க, தபாலுங்க'தான். அதில் ஐயமில்லை, வாய் ஒத்துப்போகிறது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நானே சொல்லிப் பார்த்தேன். பந்திக்கு இழுக்கும்போது சொன்னதுதான் என்னவென்று தெரியவில்லை. சரஸ்வதி அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். அன்றைக்கு இருந்த சந்தடியில் யார் என்ன பேசினார்கள் என்று எப்படித் தெரியும் என்றார். ஆனால் ஒன்று, கவிதா கல்யாணத்தில் மட்டுமல்ல, எந்த வீட்டு விசேஷத்திலும் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, சும்மா ஒரு மோர்கூட நின்று குடித்ததில்லை, எத்தனை தடவை இலை போட்டுக் கூப்பிட்டிருப்போம் என்றார்.

தன் வீட்டுக்காரரைப் பார்த்தாராம். நேற்று நான் கொண்டுபோய்க் கொடுத்த பென்டிரைவைப் பேரன் டிவியில் போட்டுக் கொடுத்தானாம். பாட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆமாங்கக்கா என்றேன்.

நான் தோற்றுவிட்டேன், அவ்வளவுதான். எழுதி வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் குரல் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. இருமல் இருக்கிறது.

ஜூலை 26, சனி

அருள் வந்தாயிற்று, உலக அதிசயம், சொன்ன நாளிலேயே. அவன் மனைவிக்கும் மகளுக்கும் பரீட்சை, காய்ச்சல் என்று ஏதோ. தனியாக வந்தான்.

கல்லறையைக் கழுவினோம். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை சொல்லி, மெழுகுவர்த்தி வாங்கி. நாளைக் காலை டிபனுக்கு இட்லி, வடை, கேசரி, ஆள் சொல்லியாயிற்று. கேசரியில் முந்திரி குறைக்காதே என்று அம்மா மாஸ்டரிடம் இரண்டு தடவை.

சாயங்காலம் அருளிடம் வீடியோவைக் காட்டினேன். பூ விழுந்ததும், இதயம் சுற்றியதும் விழுந்து விழுந்து சிரித்தான். 'அப்பாவுக்கு ஹார்ட்டின்லாம் போட்டிருக்காங்கக்கா' என்றான். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கார் டயரில் காற்று இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். ரொம்ப நேரம் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை.

அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன் என்றாள். கண்ணாடி தலைமேல் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்தது. சாமியார் 'சவரிமுத்து' என்று மட்டும் வாசித்தார். கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி நிற்கவில்லை, அவ்வளவு காற்று, அருள் குடையை விரித்துப் பிடித்தும் அணைந்துபோனது. டெய்லர் அண்ணன் வந்திருந்தார், சுப்பக்கா வந்திருந்தார், இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சரஸ்வதி அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடை மீந்தது. அருள் பத்து மணிக்கெல்லாம் ஓசூருக்குக் கிளம்பிவிட்டான், நாளைக்கு ஷிப்டாம்.

மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஹாலில் உட்கார்ந்து கோயிலுக்கு உடுத்திய புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, 'அந்தக் கல்யாணப் படத்தப் போடு, பாப்போம்' என்றாள்.

ஈரக் கையோடு ஓடினேன். போன் சின்னது, தெரியாது என்று பென்டிரைவை டிவியில் செருகினேன். அவசரத்தில் முதலில் தப்பாகச் செருகிவிட்டேன். பாட்டு ஆரம்பித்தது. அம்மா முகத்தைச் சுளித்து, அந்தச் சத்தத்தை நிறுத்து என்றாள். நிறுத்தினேன்.

சத்தமே இல்லாமல் நான் அதைப் பார்த்ததில்லை. பாட்டு இல்லாமல் பார்த்தால் கல்யாணம் மாதிரியே இல்லை, யாரோ வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி. வாழைமரம். சைக்கிள். அப்பா வந்து வாசலில் நின்றார், வாயைத் திறந்தார். இதோ, தபாலுங்க என்கிறார் பார் என்று சொன்னேன். அம்மா கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

பை வாரைப் பிடித்து இழுத்தார்கள். அப்பா மார்பில் கை வைத்தார். அவர் வாய் அசைகிறது. அதோடு கூடவே, ஒரு எழுத்து முந்தாமல் பிந்தாமல், அம்மா சொன்னாள்.

'இல்லீங்க. ஊட்ல பாத்துட்டு இருப்பாங்க.'

அம்மாவின் குரல்தான். ஆனால் 'ங்க' அவளுடையது இல்லை. சட்டென்று வெட்டி, முடிவில் கொஞ்சம் மேலே தூக்கி, பரேடில் நிற்கிறவன் வெட்கப்பட்டால் எப்படி வரும், அப்படி. அதுதான். டெய்லர் அண்ணனும் இல்லை, சுப்பக்காவும் இல்லை. அதுதான் அப்பா. ஏலமும் இல்லை, தாலாட்டும் இல்லை, இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சாதாரணமாக.

போன் என் கையில் இருந்தது. ரெக்கார்ட் பண்ணத் தோன்றவில்லை.

அவர் அதைத்தான் சொல்கிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்வாராம். கோயிலில், ரேஷன் கடையில், பெண்களெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டு அவர் மாதிரியே சொல்லிக் காட்டிக் கேலி செய்வார்களாம். அவளுக்கு வெட்கமாக இருக்குமாம். ஏன் இப்படி ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்குகிறீர்கள் என்று சண்டைகூடப் போட்டாளாம். மறுநாளும் அதையேதான் சொல்லிவிட்டு வருவாராம்.

'வெய்யில்ல எத்தன வீடு ஏறி எறங்கினாலும் ஊட்டுக்கு வந்துதான் திம்பாரு' என்றாள். அவ்வளவு நீளமாக அவள் அப்பாவைப் பற்றிப் பேசி ஒரு வருடம் ஆயிற்று.

அப்பா சிரித்துவிட்டுப் போனார். இதயம் சுற்றியது.

'இன்னொருக்கா போடு கண்ணு.'

போட்டேன். வாழைமரம். சைக்கிள். கறுப்புத் தலைமுடி. பை வாரைப் பிடித்தார்கள், மார்பில் கை, வாய் அசைந்தது. இந்த முறை அம்மா அவரோடு சேர்ந்து சொல்லவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். முடித்ததும், மடியில் இருந்த புடவையைத் தடவிக்கொண்டே, 'வாங்க, சோறு ஆறுது' என்றாள்.